ஒரு வாசருக்கு ஏழு வாரம்: என் ஏர் ரைபிள் அனுபவம்

போன வாரம் பழைய நண்பன் ஒருவன் போன் செய்தான். அவன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் யாரோ துப்பாக்கி சுடும் போட்டி பற்றிச் சொல்ல, அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சாம். "மாப்ள, நீ ஆறேழு வருசமா சுடுற, எந்தக் கம்பெனி ரைபிள் நல்லா உழைக்கும், சொல்லு" என்றான். அன்று காலையில்தான் என் ரைபிளைச் சேலம் சூரமங்கலத்து லேத் பட்டறையிலிருந்து திரும்ப வாங்கி வந்திருந்தேன். கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று புதிதாக வாங்கிய உள்நாட்டுத் தயாரிப்பு, பேரலை, அதாவது குண்டு போகும் குழாயை, மடித்து லோடு செய்யும் ஸ்பிரிங் ரைபிள். இன்னொன்று கிளப்பில் ஒரு மூத்தவர் கண் பார்வை குறைந்ததும் எனக்குக் கொடுத்த ஃபைன்வெர்க்பாவ் 300எஸ், ஜெர்மன், என் வயதை ஒட்டிய வயது அதற்கு. மூன்றாவதாக கிளப்பில் இருக்கும் வால்தர் எல்.ஜி.400-ஐயும் வாரம் ஒரு நாள் சுடுகிறேன். எல்லாமே 4.5 மில்லிமீட்டர் குண்டு போடுபவை, குண்டின் சக்தி 20 ஜூலுக்குள் அடங்கும், லைசென்ஸ் வேண்டாத வகை. பத்து மீட்டர் தூரத்தில் வைக்கும் குறி அட்டைக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறேன். ஏற்காட்டில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர்கள் குரங்கு விரட்ட, காட்டுப்பன்றிக்கு என்று கேட்பார்கள். கொடுக்கவே மாட்டேன். சட்டம் ஒரு பக்கம், எனக்கே மனசு ஒப்பாது.

முதலில் உள்நாட்டு ரைபிள். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. மும்பைப் பக்கத்து ப்ரிசிஹோல் என்று பலரும் நினைக்கிறார்கள், இது அவர்களுடையது இல்லை. வாங்கிய முதல் இரண்டு வருடம் எனக்குக் குறையே இல்லை, அதை மறைக்க மாட்டேன். ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக் காபி காயப்போடும் களத்தில் சரியாகப் பத்து மீட்டர் அளந்து, மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டால் ஐந்து குண்டும் சட்டைப் பொத்தான் அளவுக்குள் விழும். அந்த விலைக்கு அப்படியொரு பேரலை எதிர்பார்க்கவே இல்லை. பேரலில் நம் ஆட்கள் எப்போதோ தேறிவிட்டார்கள். ப்ரிசிஹோல்காரர்கள் ஆழ்துளை போடும் இயந்திரம் செய்யும் தொழிலிலிருந்து ரைபிளுக்கு வந்தவர்கள், நீளமான துளையை நேராகப் போடுவது அவர்களுக்குக் கைவந்த வேலை.

பிரச்சினை பேரலில் இல்லை, வாசரில். பேரல் மடிந்து வந்து உட்காரும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம், உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டன் தலையில் ஒரு வாசர், இரண்டும் காற்று கசியாமல் அடைப்பவை. மூன்றாம் வருடம் ஒவ்வொரு தடவை சுடும்போதும் கன்னத்தில் லேசாகக் காற்று அடித்தது. டிஷ்யூ பேப்பரைக் கிழித்து அந்த மூட்டின் மேல் போட்டுச் சுட்டுப் பார்த்தேன், பேப்பர் பறந்து தரையில் விழுந்தது. காற்றுக் கசிவு என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. கிளப்பில் வேகம் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தால் புதிதில் நொடிக்கு 170 மீட்டர் போன குண்டு 130-க்கு இறங்கியிருந்தது. அதுவும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் குறி பார்க்கும் சைட்டைத் திருகிச் சமாளிக்கலாம். ஒரு குண்டு 140, அடுத்தது 122 என்று ஆளுக்கொரு கணக்கு.

கம்பெனிக்கு எழுதினேன், போட்டோ அனுப்பினேன், போன் செய்தேன். ஒரு வாசர், ஒரு ரப்பர் வளையம், இரண்டும் சேர்த்து ஒரு சாப்பாட்டுக் காசுகூட வராது. ஏழு வாரம் ஆனது. வந்த வாசர் வேறு மாடலுடையது, என் பிஸ்டனைவிட ஒரு சுற்று பெரியது. கேட்டால் "இப்போ அந்த அளவு போடறதில்லை சார்" என்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்களே விற்ற பொருளுக்கு நீங்களே அளவு வைத்துக்கொள்ளவில்லை என்றால், பேரல் எவ்வளவு நேராக இருந்து என்ன பிரயோஜனம்? எனக்கு இதுதான் ஆறவில்லை. தரம் என்று பெட்டியில் அச்சடிக்கிறவர்கள் முதலில் அந்த வாசரை ஒரு டப்பாவில் போட்டு எண் எழுதி அலமாரியில் வைக்க வேண்டும்.

அந்த ஏழு வாரத்துக்குள் இன்னொரு கூத்தும் நடந்தது. ரிப்பேர் செய்வதாகச் சொன்ன ஒருவர் "வாசர் காய்ந்திருக்கு" என்று காற்றுத் துளை வழியாகத் தையல் மெஷின் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தார். களத்தில் வைத்துச் சுட்டேன், லட்சுமி வெடி போலச் சத்தம், பேரல் முனையில் புகை. ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் காற்றை அழுத்தும்போது உள்ளே ஏறும் சூட்டில் எண்ணெய் தீப்பிடிக்கும், டீசல் என்ஜினில் நடப்பதும் அதேதான். வேகம் திடீரென்று கூடும், வாசர் வெந்து போகும். தயவுசெய்து யாரும் அந்தத் துளையில் எண்ணெய் விடாதீர்கள், விடச் சொல்கிறவரிடம் ரைபிளையே கொடுக்காதீர்கள்.

கடைசியில் காப்பாற்றியவர் சூரமங்கலத்து லேத்காரர். அவருக்கு முக்கிய வேலை திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளுக்கு சீல் கடைந்து கொடுப்பது. வெந்த வாசரை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, ரிக்குல இதைவிடப் பல மடங்கு பிரஷர் தாங்குற சீல் போடறோம்ங்க, இது ஒண்ணுமே இல்லை" என்றார். பாலியூரித்தேன் கம்பியிலிருந்து கடைந்தார், மூன்று தடவை போட்டு எடுத்து, சிலிண்டரில் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகாமல் மெதுவாக இறங்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டுதான் பின்னை உருவினார். அது இல்லாமல் உருவினால் ஸ்பிரிங் பாய்ந்து முகத்தில் அடிக்கும், வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். மாலைக்குள் முடிந்தது. மறுநாள் டிஷ்யூ பேப்பர் அசையவில்லை. வேகம் 165-க்கு வந்துவிட்டது, அடுத்தடுத்த குண்டுகளுக்கு நான்கைந்துக்கு மேல் வித்தியாசம் இல்லை.

சரி, ஜெர்மன்காரனுக்கு வருகிறேன். ஃபைன்வெர்க்பாவ், மவுசர் துப்பாக்கிக் கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு பொறியாளர்கள் ஆரம்பித்த நிறுவனம். 300எஸ்-ஸிலும் ஸ்பிரிங்தான், ஆனால் சுட்ட கணத்தில் பேரலும் சிலிண்டரும் சேர்ந்து ஸ்டாக்கின், அதாவது தோளில் வைக்கும் கட்டையின், மேல் தண்டவாளத்தில் போவது போலக் கொஞ்சம் பின்னால் நழுவும், குலுக்கல் முழுவதும் அந்த நழுவலில் கரைந்துவிடும். தோளுக்கு ஒன்றுமே வராது. முதல் நாள் சுட்டபோது குண்டு போனதா என்று சந்தேகம் வந்து அட்டையைப் போய்ப் பார்த்தேன். பத்தாம் வளையம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. என் குண்டு அதைத் தின்றுவிட்டிருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ட்ரிகரைத் தொடும்போது எனக்குச் சந்தோஷம் குறையவில்லை. சைடு லீவரை இழுத்து மூடும்போது வரும் அந்த "க்ளக்" சத்தத்துக்காகவே சில நாள் காலையில் சீக்கிரம் எழுந்திருக்கிறேன்.

வால்தரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது காற்று அடைத்த சிலிண்டரில் ஓடும் போட்டி ரைபிள், அதே வரிசையில் அன்ஷுட்ஸ், ஸ்டையர் எல்லாம் வரும். இவற்றில் எது துல்லியம் என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. கிளாம்ப்பில் பூட்டிச் சுட்டால் எல்லாமே ஒரே ஓட்டை. ஸ்டாக் உடம்புக்குப் பொருந்துகிறதா, எந்த பேட்ச் பெல்லட் (குண்டு) அதற்கு ஒத்துப்போகிறது என்பதில்தான் வித்தியாசம். பழையது வாங்குகிறவர்கள் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். தயாரித்தவர்கள் குறித்த காலம் தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். அப்புறம் ஏற்காட்டில் மூடுபனி நாளில் கைப்பம்பால் காற்று அடிக்காதீர்கள், ஈரக் காற்றை 200 பார் வரை அழுத்தினால் உள்ளே தண்ணீர்தான் தேங்கும். ஸ்பிரிங் ரைபிளும் மலைக்குப் போனால் ஃபோம் பையில் இருக்கக் கூடாது, ஒரே ராத்திரியில் விரல் ரேகை பட்ட இடமெல்லாம் துரு ஏறிவிடும். நான் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் படுக்க வைக்கிறேன்.

இப்போது நண்பனுக்குப் பதில். இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்வது உனக்கு விசித்திரமாக இருக்கும். நான் திட்டிய அதே உள்நாட்டு ரைபிளையே வாங்கு. 300எஸ்-ஸை சேலத்தில் திறக்க ஒருவருக்கும் கை வராது, எனக்கும் வராது, அது நின்றால் அலமாரியில் படுத்துவிடும் என்ற பயம் ஒவ்வொரு முறையும் இருக்கிறது. புது வால்தர் இரண்டு லட்சத்துக்கு மேல், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம், அதைக் கிளப்பில் சுட்டுக்கொள்ளட்டும். உள்நாட்டு ரைபிளுக்கு சூரமங்கலம் இருக்கிறது. அடுத்த மாதம் கேட்டால் நான் வேறு சொல்லலாம், கம்பெனிக்காரர்கள் இன்னொரு தடவை ஏழு வாரம் இழுத்தால் நிச்சயம் வேறுதான் சொல்வேன். ஆனால் நேற்று மாலை களத்தில் பதினைந்து குண்டு சுட்டுவிட்டு வந்திருக்கிறேன், இன்றைக்கு என் பதில் இது.

வாங்கினால் பேரலை நீ மடித்துக் கொடு, அவள் கைக்கு அந்த ஸ்பிரிங் கனம். உபரியாக இரண்டு வாசர் கடைந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஒன்று உனக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு அஸ்தம்பட்டிக்கு வந்துவிடு, வெயில் ஏறுவதற்குள் மலைக்குப் போய்விடலாம்.