அலுமினாக் கல் பதித்த பால் மில் (குண்டு அரவை இயந்திரம்): சுட்ட பாக்சைட்டோடு ஓராண்டு

சூளையில் 1500 டிகிரி செல்சியஸைத் தாங்கி நிற்க வேண்டிய பொருள்களுக்காகப் பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவை அரைப்பவர்கள், ஓர் அரவை இயந்திரம் எவ்வளவு விரைவாக அரைக்கிறது என்பதைவிட, அரைத்த மாவில் தன் பங்குக்கு எதைக் கலந்துவிடுகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். எஃகு உருளைக்குள் எஃகுக் குண்டுகள் உருண்டு அரைக்கும் எஃகு மில்லில் இரண்டு ஆண்டுகள் அரைத்துப் பார்த்த பிறகே இது எனக்கு உறைத்தது.

மண்ணிலிருந்து எடுத்த பாக்சைட் மென்மையானது. நகத்தால் கீறக்கூடிய வகைகளும் உண்டு. அதையே சூளையில் 1500 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்தால், நீர் முழுவதும் வெளியேறி, அதிலுள்ள அலுமினாவின் (அலுமினிய ஆக்சைடின்) பெரும்பகுதி கொருண்டம் என்னும் கடினமான படிகமாகவும், சிலிக்காவோடு சேர்ந்த பகுதி முல்லைட் என்னும் மற்றொரு படிகமாகவும் மாறிவிடுகிறது. கொருண்டத்தின் கடினம், வைரத்துக்கு 10 தரும் மோஸ் அளவில் 9. இப்படிப்பட்ட பொருளை எஃகுக் குண்டுகளால் அரைக்கும்போது, குண்டு பாக்சைட்டை அரைக்கிறதா, பாக்சைட் குண்டை அரைக்கிறதா என்ற ஐயமே எழும். எங்கள் பாக்சைட்டில் 1.6 சதவீதமாக இருந்த இரும்பு ஆக்சைடு, எஃகு மில்லிலிருந்து வெளிவரும்போது 2.3 சதவீதமாகியிருந்தது. அந்த மாவில் செய்த சோதனைத் துண்டுகளைச் சுட்டபோது பழுப்புப் புள்ளிகள் தோன்றின. சில இடங்களில் கொப்புளமும் கண்டது. இரும்பு ஆக்சைடு அலுமினாவோடும் சிலிக்காவோடும் சேர்ந்து குறைந்த வெப்பத்திலேயே உருகும் கண்ணாடியை உண்டாக்குவதால், குறை நிறத்தோடு நிற்பதில்லை. சுமை தாங்கும் வலுவும் குறைந்துவிடுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிப் பார்த்தோம். இரும்பு குறைந்தது உண்மைதான். கழுவிய நீரை என்ன செய்வது என்ற புதிய தலைவலியும் கூடவே வந்தது.

ஆகவே வாங்கியதுதான் இந்த மில். உட்புறம் 600 மில்லிமீட்டர் விட்டமும் அதே அளவு நீளமும் கொண்ட உருளை; உள்ளே அலுமினாக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன; 92 சதவீத அலுமினாவால் ஆன குண்டுகள் சுமார் 165 கிலோ கூடவே வருகின்றன. ஒரு முறைக்கு 50 கிலோ சுட்ட பாக்சைட்டை இடலாம். அதற்கு மேல் இட்டால் குண்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் நிரம்பி வழிந்து, அரவை மந்தமாகிவிடும். மோட்டாரும் பேரிங்கும் ஓராண்டில் எந்தத் தொல்லையும் தரவில்லை.

வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த விட்டத்துக்கும் 30 மில்லிமீட்டர் குண்டுக்கும் கணக்கிட்டால், குண்டுகள் கீழே விழாமல் சுவரோடு ஒட்டிச் சுழலத் தொடங்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 56 சுற்றுகள். விற்பனையாளர் மில்லை 48 சுற்றுகளில் ஓடும்படி அமைத்துத் தந்திருந்தார். அது உச்ச வேகத்தில் 85 சதவீதத்தைத் தாண்டுகிறது. எஃகுக் குண்டு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பீங்கான் குண்டு பொறுக்காது. முதல் மாதத்திலேயே விளிம்பு தெறித்த குண்டுகளையும் அவற்றின் சில்லுகளையும் சல்லடையில் பொறுக்க நேர்ந்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைத் தனியே பொருத்தி 38 சுற்றுகளுக்கு இறக்கிய பிறகு, குண்டுகள் உயரத்திலிருந்து எகிறி விழாமல் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து உருண்டன. தெறிப்பும் ஏறக்குறைய நின்றுபோயிற்று. இந்தக் கணக்கைப் போட வேண்டியவர் வாங்குபவர் அல்லர் என்பது என் கருத்து.

நேரம் கூடுதலாகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் இதை வாங்க வேண்டும். எஃகின் அடர்த்தி 7.8, இந்தக் குண்டுகளின் அடர்த்தி 3.6. எடை பாதிக்கும் குறைவாக இருப்பதால் ஒவ்வோர் அடியின் வலுவும் அவ்வாறே குறைகிறது. 3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துகள்களை இட்டு, பத்தில் ஒன்பது பங்கு 75 மைக்ரான் (0.075 மில்லிமீட்டர்) சல்லடையில் இறங்கும்வரை அரைக்க எஃகு மில்லில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாகும். இதில் ஏழு மணி நேரமாகிறது.

அந்த நேரத்துக்கு ஈடாகக் கிடைப்பது மாவின் தூய்மை. நாற்பது முறை, அதாவது 2,000 கிலோ அரைத்த பின் குண்டுகளை எடைபோட்டதில் 6 கிலோ குறைந்திருந்தது. மாவில் கலந்தது 0.3 சதவீதம், அதிலும் அலுமினா அல்லாத பகுதி 0.03 சதவீதத்தை எட்டாது. இரும்பு ஆக்சைடு 1.6 சதவீதத்திலேயே நின்றது. சுட்ட துண்டுகளில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் மில்லை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது: கட்டிகளை முதலில் உடைக்கும் ஜா கிரஷரின் தாடைகளும் எஃகுதான். உடைத்த துகள்களை மில்லில் இடுவதற்கு முன் காந்தத்தின்மேல் ஓடவிடுகிறோம். தேய்ந்து உதிர்ந்த எஃகுத் தூளை அது பிடித்துக்கொள்கிறது. பாக்சைட்டுக்குள்ளேயே பிணைந்திருக்கும் இரும்பை அதனால் பெரும்பாலும் எடுக்க முடியாது என்பதால், குறைந்த இரும்புள்ள சரக்கை வாங்குவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

குறைகளும் உண்டு. வாய் மிகச் சிறியது. துளைத் தட்டை மாட்டி உருளையைச் சுழற்றினாலும் மாவு முழுவதும் கொட்ட அரை மணி நேரத்துக்கு மேலாகிறது, அதன் பிறகும் ஓரங்களில் இரண்டு மூன்று கிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். மூடியின் ரப்பர் வளையம் நான்காம் மாதத்தில் இறுகிப்போய்த் தூசியைக் கசியவிட்டது. இவ்வளவு நுண்ணிய தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால், தூசி உறிஞ்சும் குழாயும் முகக்கவசமும் இல்லாமல் இதன் அருகே யாரையும் நிற்கவிடக் கூடாது. ஏழாம் மாதத்தில் ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. தயாரிப்பாளர் மாற்றுக் கல்லை இலவசமாகவே தந்தார் என்றாலும், பதில் கடிதம் வருவதற்கே மூன்று வாரங்களாயின. உதிரிக் கற்கள் பத்தையாவது இயந்திரத்தோடு சேர்த்தே அனுப்பியிருக்கலாம்.

சுடாத பாக்சைட்டுக்கும் இது ஏற்றது என்று கையேடு சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஈரப்பதமும் களிமண்ணும் உள்ள சரக்கு குண்டுகளின்மேல் பூசிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் மில்லுக்குள் அரவை ஓசையே கேட்காமல் போய்விட்டது. உலர்த்திய பின் அரைபட்டது. இருப்பினும் சுடாத பாக்சைட்டில் உள்ள கிப்சைட் என்னும் தாதுவின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், உலர்த்தினாலும் போகாமல் பிணைந்திருக்கும் நீர்தான். அந்த மாவைச் சூளையில் வைத்தால் சுருங்கி வெடிக்கும் என்பதால் எங்கள் வேலைக்கு அது பயன்படவில்லை. 10 மைக்ரானுக்கும் கீழே இறங்க வேண்டியவர்களுக்கு இந்த மில்லின் உலர் அரவை உதவாது. மாவு உள்ளேயே திரண்டு கட்டியாகிவிடுகிறது. அவர்கள் நீர் சேர்த்து அரைத்து, பிறகு உலர்த்தும் ஏற்பாட்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.