லீத்தில் ஒரு ஜார்ஜியன் டெனமென்ட்: மூன்று குளிர்காலம் இருந்து பார்த்தபின்

எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தில், கான்ஸ்டிட்யூஷன் தெருவில், ஒரு பழைய ஜார்ஜியன் (பிரிட்டனில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்துப் பாணி) டெனமென்ட்டின் இரண்டாம் மாடியில் மூன்று குளிர்காலம் வாடகைக்கு இருந்தேன். வீடு தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

டெனமென்ட் என்றதும் இடிந்த ஏழைக் குடியிருப்பு என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் ஒரே பொதுப் படிக்கட்டைச் சுற்றி அடுக்கடுக்காக வீடுகள் இருந்தாலே அது டெனமென்ட்தான், வசதியானவர்களும் அதில்தான் இருப்பார்கள். முகவரியில் 2எஃப்1 என்று இருந்தால் இரண்டாம் மாடி, முதல் வீடு. லிஃப்ட் கிடையாது. இருநூறு வருஷமாக ஆட்கள் ஏறி இறங்கி நடுவில் குழிந்த கல்படிகள், மேலே கண்ணாடிக் கூரையிலிருந்து இறங்கும் வெளிச்சம், அந்தப் படிக்கட்டுக்காகவே எனக்கு அந்தக் கட்டடம் பிடித்துப்போனது.

சரி, குளிர். முதல் குளிர்காலம் உண்மையிலேயே கஷ்டம். சுவர் தடிமனான மணற்கல், கூரை உயரம், ஆனால் ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடிதான், பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது, அனுமதி வாங்க வேண்டும். ஜன்னலின் இரு பக்கமும் மடக்கி வைக்கும் மரக்கதவுகள் இருந்தன, பெயிண்ட் பூசிப் பூசி ஒட்டிப்போய்க் கிடந்தன. வாடகை ஏஜென்சியிடம் கேட்டால் அது சும்மா அழகுக்கு என்றார்கள். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் அந்தக் கதவுகள் குளிருக்காகவே வைத்தவை! வீட்டுக்காரரிடம் நேராகப் பேசி, ஒரு தச்சரை வைத்துத் திறந்தோம். இருட்டியதும் அவற்றைச் சாத்திவிட்டால் கண்ணாடி வழியாகப் போகும் சூட்டில் ஏறக்குறைய பாதி மிச்சமாகும். ட்ராம் சத்தமும் குறைந்தது. அடுத்த இரண்டு குளிர்காலமும் நிம்மதியாகப் போயின.

ஈரம் வந்தால் உடனே ஹீட்டரைக் கூட்டாதீர்கள். இந்தக் கல்லுக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் ஒத்துவரும், கல் இடுக்குகளில் யாராவது சிமெண்ட் அடைத்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே உதிர ஆரம்பிக்கும். வெளிச்சுவரைப் போய்ப் பாருங்கள்.

பகுதியைப் பற்றிக் குறையே இல்லை. 1920 வரை லீத் தனி நகரம், இன்னும் அந்தப் பெருமை இங்குள்ளவர்கள் பேச்சில் தெரியும். 2023 ஜூனில் ட்ராம் லீத் வழியாகப் பக்கத்து நியூஹேவன் வரை வந்தபின் விமான நிலையத்துக்கே ஒரே வண்டியில் போய்விடலாம். புதுக் கட்டடங்களும் துறைமுகப் பக்கம் வேகமாக எழுகின்றன.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: கூரை ஒழுகினால் அது மேல்மாடிக்காரர் பிரச்சினை மட்டுமல்ல, செலவைப் பொதுவாக எல்லா வீட்டுக்காரர்களும் பகிர வேண்டும். அதனால் வீடு பார்க்கப் போகும்போது படிக்கட்டின் உச்சி வரை ஏறி, கண்ணாடிக் கூரையைச் சுற்றித் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஜன்னல் மரக்கதவை உங்கள் கையாலேயே ஒருமுறை திறந்து மூடுங்கள்.