கார்பெட்டில் தெளித்த ஃபேப்ரிக் சாஃப்ட்னர்

கால்கரியில் இது எனக்கு நான்காவது குளிர்காலம். வெளியே மைனஸ் 25, உள்ளே ஹீட்டர் நிற்காமல் ஓடுகிறது. பேஸ்மென்டில் என் கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் ஈரப்பதம் 16 சதவீதம்தான். கம்பளி சாக்ஸோடு கார்பெட்டில் நடந்துபோய் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும்; உரசலில் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் (ஸ்டாட்டிக்) அது. நாற்காலியை விட்டு எழுந்தால் மானிட்டர் ஒரு நொடி கறுத்துவிட்டு வரும். டிசம்பரில் பென்டிரைவ் செருகப் போனபோது பொறி தெறித்தது. அந்த யுஎஸ்பி போர்ட் அன்றோடு போயிற்று.

கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் சொன்ன வழி இது. துணி துவைக்கும்போது கடைசியில் ஊற்றுகிறோமே, அந்த சாஃப்ட்னர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. ஸ்பிரே பாட்டிலில் கலக்கி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மேசையைச் சுற்றியுள்ள கார்பெட்டிலும் நாற்காலியின் துணியிலும் லேசாகத் தெளித்தேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுவிட்சைப் போட்டேன்.

அன்று மாலையே ஷாக் நின்றுவிட்டது. உண்மையாகவே ஆச்சரியப்பட்டேன். சாஃப்ட்னரில் உள்ள பொருள் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து, சேரும் மின்சாரம் மெல்லக் கசிந்து போக வழி விடுகிறது. மானிட்டர் கறுப்பது மட்டும் குறைந்ததே தவிர முழுதாக நிற்கவில்லை. பலன் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வேக்யூம் போட்டால் சீக்கிரம் போய்விடும்.

வாசனை இல்லாததை வாங்குங்கள். நான் முதலில் வாங்கிய லாவெண்டர் இரண்டு நாள் தலைவலி கொடுத்தது. மரத்தரையில் பட்டால் வழுக்கும், அங்கே தெளிக்கவே வேண்டாம். திரையிலோ கீபோர்டிலோ நேராக அடிக்காதீர்கள்.

இதை நம்பி கேபினெட்டைத் திறந்து ரேம் மாற்றவும் கூடாது. நம் விரலுக்கு உறைக்கவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும், சில சிப்புகளுக்கு 100 வோல்ட்கூடத் தேவையில்லை. நமக்கு ஒன்றும் தெரியாமலே பழுதாகிவிடும். அதற்கு மணிக்கட்டில் கட்டும் ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டைதான் சரி.

அப்புறம் ஒரு ஹியூமிடிஃபையரும் வாங்கினேன். இப்போது ஈரப்பதம் 35-இல் நிற்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் ஜன்னலில் நீர் கோத்து உறைகிறது. அதனால் ஸ்பிரே பாட்டிலும் மேசைக்குக் கீழேயே இருக்கிறது, மார்ச் முடியும் வரை.