கிளாஸ் வுல்லா, ராக் வுல்லா? கத்தி பிடிப்பவர் பார்வையில் ஓர் ஒப்பீடு

வெப்பம் கடக்காமலிருக்கச் சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் வைக்கும் வெப்பக்காப்புப் போர்வை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது உறையில் அச்சிட்டிருக்கும் வெப்பத்தடை எண்ணைத்தான். ஆனால் வீட்டுச் சுவர்களுக்கென விற்கப்படும் கிளாஸ் வுல் (கண்ணாடி இழை), ராக் வுல் (உருக்கிய பாறையின் இழை) ஆகிய இரண்டின் வெப்பக் கடத்துதிறனும் (இது குறையக் குறைய வெப்பத்தடை கூடும்) பெரும்பாலும் மீட்டர் கெல்வினுக்கு 0.032 முதல் 0.044 வாட் வரையிலான எல்லைக்குள் அடங்கிவிடுவதால், அந்த எண்ணை மட்டும் நம்பி ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றொன்றை எடுப்பதில் பெரிய பொருளில்லை. ஓரங்களில் விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டுப் பொருத்திய விலையுயர்ந்த போர்வையைவிட, நான்கு பக்கமும் சுவரின் மரச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்த சாதாரணப் போர்வை நன்றாகவே வேலை செய்யும். ஆகவே, தாமே வெட்டிப் பொருத்துகிறவர்கள் கேட்க வேண்டியது, தங்கள் கைக்கு எது துல்லியமாக வெட்ட வரும் என்பதுதான்.

கிளாஸ் வுல் இறுக்கிச் சுருட்டப்பட்டு வருகிறது. பிரித்துப் போட்டு, அது முழுத் தடிமனுக்கு உப்பிய பிறகே வெட்ட வேண்டும். வெட்டுக்கோட்டின் மேல் நீளமான பலகை ஒன்றை வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டு, பலகையின் விளிம்பை ஒட்டிக் கட்டர் கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தால் ஓரம் நேராக வரும். கண்ணாடி இழை பிளேடின் கூர்மையை விரைவில் தின்றுவிடும் என்பதால், பிளேடு மாற்றுவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மழுங்கிய பிளேடு வெட்டாது, பிய்க்கும். இடைவெளியின் அகலத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக வெட்டினால் போதும். அதற்கு மேல் போனால் நடுப்பகுதி வளைந்து வெளியே துருத்தும். அதைக் குத்தித் திணிக்கத்தான் எல்லோருக்கும் கை போகிறது. இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. 15 சென்டிமீட்டர் போர்வையை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் திணித்தால், உறையில் போட்டிருக்கும் மொத்த வெப்பத்தடை கிடைக்காது.

ராக் வுல் இதற்கு நேர்மாறான குணமுடையது. அடர்த்தி கூடிய, விறைப்பான பலகை போன்ற துண்டுகளாக வரும் அதை அழுத்தி வெட்ட முடியாது. ரொட்டி அறுக்கும் கத்தியைப் போன்ற நீண்ட பல் கத்தியால், ரம்பம் ஓட்டுவதைப் போல முன்னும் பின்னுமாக அறுக்க வேண்டும். வேகம் குறைவுதான். ஆனால் சுவரில் சுவிட்ச் பெட்டி வரும் இடத்தில் இந்தப் பொறுமைக்குப் பலன் தெரியும். துண்டைப் பெட்டியின் மேல் வைத்து மெல்ல அழுத்தினால் பெட்டியின் சுவடு பதியும். அந்தச் சுவட்டை ஒட்டி, பெட்டியின் ஆழத்துக்கு மட்டும் அறுத்தெடுத்தால், பெட்டிக்குப் பின்னாலும் போர்வை அறுபடாமல் தொடரும். குறுக்கே ஒயர் ஓடினால், அது செல்லும் ஆழத்தில் போர்வையை இரண்டு ஏடாகப் பிளந்து, ஒயருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். கிளாஸ் வுல்லில் இதைக் கையாலேயே பிளந்து முடித்துவிடலாம். ராக் வுல்லில் கத்தி தேவை.

மரச்சட்டங்களின் இடைவெளி ஒழுங்காக இருக்கும் சுவர்களுக்கு, அந்த இடைவெளிக்கேற்ற அகலத்தில் துண்டுகள் கிடைப்பதால், இரண்டில் எதுவும் சரியே. கோணல்மாணலான பழைய சட்டங்களுக்கு, உரசல் பிடிப்பிலேயே விழாமல் நிற்கும் ராக் வுல்லைத்தான் நான் பரிந்துரைப்பேன். கூரைக்கடியில் உள்ள பரணின் தரையில் பரப்புவதற்குக் கிளாஸ் வுல் சுருளை மிஞ்சியது இல்லை. எடை குறைவு, விலையும் பொதுவாகக் குறைவு, நீளமாக உருட்டிவிடலாம். முதல் அடுக்கை உத்தரங்களுக்கு இடையிலும் இரண்டாவது அடுக்கை உத்தரங்களுக்குக் குறுக்காகவும் விரித்தால், மரத்தின் வழியே கசியும் வெப்பமும் மறைபடும். கூரை ஓரத்துக் காற்றுவழியை மட்டும் அடைத்துவிடக் கூடாது. கூரைக்குள் பதித்த விளக்குகளில், போர்வை படலாம் என்ற குறிப்பு இல்லாதவற்றைச் சுற்றி 7.5 சென்டிமீட்டராவது விலக்கி வெட்ட வேண்டும்.

தீயைப் பொறுத்தவரை ராக் வுல்லின் கை ஓங்கியிருக்கிறது. அதன் இழைகள் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டியே உருகும். கிளாஸ் வுல் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். தோலில் அரிப்பெடுக்க வைப்பதிலோ இரண்டும் சளைத்தவை அல்ல. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001-இல் இவ்விரண்டு வகை வெப்பக்காப்பு நார்களையும், மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என வகைப்படுத்த இயலாதவற்றுக்கான மூன்றாம் பிரிவில் வைத்தது. அதற்காக முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை ஆகியவற்றைத் தவிர்க்க முடியாது. நறுக்கும்போது பறக்கும் தூசு கண்ணையும் தொண்டையையும் உறுத்தும்.

பழுப்புத் தாள் ஒட்டிய போர்வையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. தாள் கீழே இருக்குமாறு வைத்து நாரை அளவுக்கு வெட்டிய பின், தாளை மட்டும் இரண்டு பக்கமும் சிறிது அகலமாக விட்டு நறுக்கினால், அந்த ஓரத்தைச் சட்டத்தோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடிக்கலாம். குளிர் மிகுந்த பகுதிகளில் தாள் வீட்டின் உட்பக்கம் நோக்கியிருக்க வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த, ஏசி ஓடும் வீடுகளில் அதே பக்கத்தில் தாள் வைத்தால் சுவருக்குள் ஈரம் தங்கக்கூடும் என்பதால், அங்கே தாளில்லாத போர்வையே நல்லது. தாள் எரியக்கூடியது, எந்தப் பக்கம் வைத்தாலும் அதை ஜிப்சம் பலகையால் மூடாமல் விடக் கூடாது.