பானவில் அணையின் மீன் ஜன்னல்: போக வேண்டிய மாதம் செப்டம்பர்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லண்டுக்கு யார் வந்தாலும் முதலில் மல்ட்னோமா அருவிக்குத்தான் கூட்டிப்போவார்கள். என் மகளும் அப்படித்தான் கூட்டிப்போனாள். அருவியோடு திரும்பிவிடாதீர்கள். அதே 84ஆம் நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் கிழக்கே போனால், கொலம்பியா ஆற்றின் குறுக்கே பானவில் அணை. 1938இல் வந்த நீர்மின் அணை. ஆரிகன் பக்கம் பிராட்ஃபோர்டு தீவில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் பார்வையாளர் மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. மேல்தளங்களில் அணையின் வரலாறு, பழைய படங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். நேரம் குறைவென்றால் அதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கீழ்த்தளத்துக்குப் போங்கள்.

அங்கேதான் மீன்படி. கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் மீன்கள் அணையைத் தாண்டுவதற்காகத் தொட்டி தொட்டியாகக் கட்டிய நீர்ப்பாதை. அதன் பக்கச்சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல்கள். பணிக்காலம் முழுக்க மீன்பண்ணையில் கழித்தவன் நான். மேட்டூர் அணை வந்தபின் காவிரியில் உல்லம் மீன் ஏறிவருவது அருகிப்போனதைப் பாடத்தில் படித்துவிட்டு வேலைக்கு வந்தவன். அணையைக் கட்டியும் மீனுக்கு வழிவிட்டிருப்பதைக் கண்ணெதிரே பார்த்தபோது அந்த இடத்தைவிட்டு நகர மனமில்லை.

நான் நின்ற ஜன்னலில் ஒரு சினூக் சால்மன், கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி, பச்சைத் தண்ணீரின் ஓட்டத்தை எதிர்த்து அப்படியே நின்றது. வால் மட்டும் அசைகிறது. கீழ்த்தாடை கொக்கிபோல் வளைந்திருக்கிறது, விலாவில் ஏதோ கடித்து ஆறிய வெள்ளைத் தழும்பு. சட்டென்று ஒரு துள்ளு, ஆளைக் காணோம். கண்ணாடியின் ஓரத்தில் விலாங்கு போல நீண்ட லாம்ப்ரே மீன் ஒன்று வட்டவாயால் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

மீனைப் பார்க்கும்போது முதுகைக் கவனியுங்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னச் சதைத்துண்டு மாதிரி ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும். அது வெட்டப்பட்டிருந்தால் பொரிப்பகத்தில், அதாவது முட்டை பொரித்துக் குஞ்சு வளர்க்கும் இடத்தில், பிறந்த மீன். இருந்தால் ஆற்றில் பிறந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, வெட்டாமல் விடும் குஞ்சுகளும் உண்டு. இந்த இடத்தில்தான் மரபணு ஆய்வு கைகொடுக்கிறது. பொரிப்பகத்தில் குஞ்சு எடுக்க வைத்திருக்கும் சினைமீன்கள் ஒவ்வொன்றின் மரபணுவையும் முதலிலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் ஆற்றில் பிடிபடும் மீனின் துடுப்பில் ஒரு துணுக்கு எடுத்தால் போதும், அதன் தாய் தகப்பன் யார், எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு என்று தெரிந்துவிடும். குஞ்சின் உடம்பில் எந்தக் கருவியும் வைக்க வேண்டியதில்லை. யாகமா, உமட்டிலா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் ஆகிய நான்கு பழங்குடிகளின் கூட்டு மீன் ஆணையம் இதற்காக ஐடஹோவில் ஆய்வகமே நடத்துகிறது.

மையத்தில் அன்றாட எண்ணிக்கைப் பலகை உண்டு. சினூக், கோஹோ, ஸ்டீல்ஹெட், சாக்ஐ என்று மீன் வகை வாரியாகத் தனித்தனியாக. ஆட்கள் ஜன்னலருகே உட்கார்ந்து எண்ணுகிற கணக்கு அது. அதைப் படித்துவிட்டு "இவ்வளவு மீன் இருக்கிறதே" என்று நிறைவாகக் கிளம்பிவிடாதீர்கள். சாக்ஐ என்ற ஒரே வரிசைக்குள் வெவ்வேறு ஏரிகளுக்குப் போகும் தனித்தனி வம்சங்கள் அடங்கியிருக்கின்றன. அதில் ஒன்று இங்கிருந்து இன்னும் ஏழு அணைகள் தாண்டி, கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் ஏறி, ஐடஹோ மலையில் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போகிற வம்சம். 1991இல் அதை அழியும் நிலையில் இருப்பதாக அறிவித்தார்கள். 1992இல் அந்த ஏரிக்குத் திரும்பியது ஒரே ஒரு ஆண் மீன். லோன்சம் லாரி என்று பேர் வைத்தார்கள். அதன் விந்தை உறையவைத்துப் பின்னாளில் பயன்படுத்தினார்கள். 1991 முதல் 1998 வரை திரும்பிய மொத்த மீன்களே பதினாறுதான். அந்தப் பதினாறையும் வைத்து, நெருங்கிய உறவுகள் ஒன்றுசேர்ந்துவிடாதபடி மரபணுவில் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தார்கள். 2014இல் 1,500க்கு மேல் திரும்பின. அடுத்த ஆண்டே ஆறு சூடாகி, வழியிலேயே பெரும்பாலானவை செத்தன.

ஜோடி சேர்ப்பதில் இத்தனை கவனமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஒரே சினைமீன் கூட்டத்திலிருந்து வருஷக்கணக்கில் குஞ்சு எடுத்த பண்ணைகளில் கட்லாவும் ரோகுவும் வளராமல் நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். இங்கே செய்திருக்கும் வேலைக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

செப்டம்பர் என்று சொன்னதற்குக் காரணம், இலையுதிர் கால சினூக் ஓட்டம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். குளிர்காலத்தில் போனால் பெரும்பாலும் வெறும் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். சாக்ஐ பார்க்க ஆசையென்றால் ஜூன் கடைசி, ஜூலை. பக்கத்திலேயே 1909இல் தொடங்கிய பொரிப்பகம் இருக்கிறது. அங்கே ஹெர்மன் என்ற பத்தடிக்கு மேற்பட்ட ஸ்டர்ஜன் மீனைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

ஊருக்குள் ஒரு கடையில் சால்மன் வாங்கியபோது "காட்டுமீன்" (பண்ணையில் வளர்க்காதது) என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஆறு என்று கேட்டால் பதில் இல்லை. அணையிலிருந்து கொஞ்சம் கிழக்கே கேஸ்கேட் லாக்ஸில், பாலத்தடியில், பழங்குடி மீனவர்கள் அவர்களே பிடித்ததை விற்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். இது மேலே ஹான்ஃபோர்டு வரை போகிற வெள்ளி நிற பிரைட், அது கீழேயே முட்டையிடுகிற கருத்த டூலி என்று மீனைத் தூக்கிக் காட்டிச் சொல்வார்கள். பிரைட் வாங்குங்கள், கொழுப்பு அதிகம். புளிக்குழம்புக்குச் சரிவராது, மிளகாய்த்தூள் தடவித் தோசைக்கல்லில் வறுங்கள், எண்ணெய் சொட்டு போதும். ஐஸ் பெட்டியும் ரொக்கமும் எடுத்துப்போங்கள்.