போல் டான்ஸ்: ஸ்போர்ட்டா, ஆர்ட்டா, எக்ஸாடிக்கா?

போல் டான்ஸ் கற்றுக்கொள்ள ஆசை என்று யாராவது சொன்னால், எந்த வீடியோவைப் பார்த்து அந்த ஆசை வந்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன். கம்பத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒரே நேர்கோட்டில் விரித்து, அசையாமல் இருந்த ஒருவரையா? வெறுங்காலோடு ஏறி இறங்கி ஒரு துக்கத்தை ஆடிக் காட்டியவரையா? இல்லை, உயரமான ஹீல்ஸ் அணிந்து கம்பத்தின் அடியில் தரையோடு தரையாக இழைந்து ஆடியவரையா? மூன்றையும் போல் டான்ஸ் என்றுதான் சொல்கிறோம், கம்பமும் ஒரே கம்பம்தான். ஆனால் ஒரு வருடப் பயிற்சிக்குப் பிறகு உடம்பு எப்படி மாறியிருக்கும், மேடையில் எதற்குக் கைதட்டு விழும், வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது மனசு எப்படி இருக்கும் என்பது மூன்றிலும் வேறு வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் கண்ணில் பட்ட முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டு, "இது எனக்குச் சரிப்படாது" என்று விலகிப் போனவர்கள் நிறைய. அவர்களில் பலருக்குப் பொருந்தாமல் போனது அந்த வழிதான். பக்கத்து அறையில் நடந்த வகுப்பு அவர்களுக்கு ரொம்பவே பிடித்திருக்கக்கூடும்.

மூன்று வழிகளும் கிளம்பிய இடம் ஒன்றுதான். இன்று ஸ்டூடியோக்களில் கற்றுத்தரும் சுழற்சிகளும் ஏற்றங்களும் ஸ்ட்ரிப் கிளப் மேடைகளில் வேலை பார்த்த பெண்களிடமிருந்து வந்தவை. கனடாவைச் சேர்ந்த ஃபானியா மோண்டே 1990களில், அந்தத் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத பெண்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 2000களில் ஸ்டூடியோக்கள் உலகம் முழுக்கப் பரவின. மல்லகம்பத்திலிருந்து வந்ததுதான் போல் டான்ஸ் என்று சிலர் சொல்வார்கள். மல்லகம்பம் மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டின் சமஸ்கிருத நூலான மானசோல்லாசத்திலேயே அதைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. ஆனால் அது தடித்த மரக் கம்பம், விளக்கெண்ணெய் தடவி ஏறுவது, மல்யுத்த வீரர்களின் பயிற்சியாக வளர்ந்தது. போல் டான்ஸில் எண்ணெய் ஒரு துளி பட்டாலும் வழுக்கிவிடும். மெல்லிய உலோகக் குழாயைக் காய்ந்த தோல் கவ்விப் பிடிப்பதால்தான் எல்லாமே நடக்கிறது. சர்க்கஸில் வரும் சீனக் கம்பம் ரப்பர் உறை போட்டது. அதில் உடம்பை மூடிய உடையோடு ஏறுவார்கள். இரண்டும் மதிக்க வேண்டிய கலைகள். ஆனால் ஸ்ட்ரிப் கிளப்பிலிருந்து வந்தது என்று சொல்லக் கூச்சப்பட்டு, அவற்றில் ஒன்றை முன்னோராகக் காட்டுவது, இதை உருவாக்கிய பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஸ்போர்ட்

முதலில் விளையாட்டு வழி. 2009இல் தொடங்கிய சர்வதேச போல் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பு இதற்கு விதிகளை வகுத்தது. முதல் உலகப் போட்டி 2012இல் லண்டனில் நடந்தது. 2017இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் தலைமை அமைப்பு இதற்கு அப்சர்வர் தகுதி கொடுத்தது. மேடையில் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு கம்பங்கள் இருக்கும். ஒன்று அசையாதது, இன்னொன்று சுழல்வது. இரண்டிலும் ஆட வேண்டும். அசைவுகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கடின அளவும் மதிப்பெண்ணும் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். பிடியில் இரண்டு விநாடி அசையாமல் நிற்க வேண்டும். கால் விரிப்பு விதியில் சொன்ன கோணத்துக்கு வரவில்லை என்றால் அந்த மதிப்பெண் போச்சு. ஆட்டத்துக்கு நடுவே வியர்வைக் கையை உடம்பில் துடைத்தாலும் கழிப்பார்கள். ஹீல்ஸ் கிடையாது. கவர்ச்சியாக ஆடுவதற்கும் இடமில்லை. ஆண்கள், பெண்கள், இரட்டையர், சிறுவர் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

பொழுதுபோக்காகக் கற்பவருக்கு இதிலிருக்கும் பெரிய சுகம், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவது. குதிக்காமல், வயிற்றையும் கைகளையும் மட்டும் நம்பி இடுப்பைத் தலைக்கு மேலே தூக்கும் அந்த முதல் இன்வர்ட் கைகூடும் நாளை யாரும் மறப்பதில்லை. அப்புறம் ஜெமினி, ஸ்கார்பியோ, அயிஷா, ஹேண்ட்ஸ்பிரிங் என்று படிப்படியாகப் போகலாம். எண்ணும் இலக்கும் இருந்தால்தான் ஓட முடியும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் தோளும் தொடையின் பின்தசையும் கொடுக்கும் விலையும் இங்கேதான் அதிகம். மதிப்பெண் ஆசையில் இன்னும் தயாராகாத உடம்பைக் கால் விரிப்புக்குள் தள்ளுவதும், பிடித்த ஒரு பக்கத்தை மட்டும் பயிற்சி செய்து மறுபக்கத்தைப் பலவீனமாக விடுவதும் சாதாரணமாக நடக்கின்றன. சுய வெளிப்பாடு என்று பார்த்தால், கலைத்தன்மைக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் நான்கு நிமிடத்துக்குள் அத்தனை கட்டாய அசைவுகளையும் அடுக்கிய பிறகு, ஆடுபவர் தன்னைக் காட்ட மிச்சமிருப்பது கொஞ்ச நேரம்தான்.

ஆர்ட்

கலை வழியில் சமகால நடனம், நாடகம், சர்க்கஸ் எல்லாம் வந்து கலக்கின்றன. இங்கே ட்ரிக், அதாவது கம்பத்தில் செய்யும் கடின அசைவு, கதைக்கு வேலை செய்ய வேண்டும். கம்பம் சில நேரம் ஒரு மரமாகும், சில நேரம் பிரிந்து போன ஒருவராகும். போல் தியேட்டர் என்ற போட்டியில் ஆர்ட், நாடகம், நகைச்சுவை, கிளாசிக் எனப் பிரிவுகளே வைத்திருக்கிறார்கள். நகைச்சுவைக்குத் தனியாக ஒரு பிரிவு இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தலைகீழாகத் தொங்கிக்கொண்டே ஓர் அரங்கத்தைச் சிரிக்க வைப்பதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்! ஆஸ்திரேலியாவின் போல் நடனக்காரர் ஃபெலிக்ஸ் கேன் சர்க் டு சோலே சர்க்கஸ் நிறுவனத்தின் பெரிய மேடைகளுக்குப் போனதும், பாடகி எஃப்கேஏ ட்விக்ஸ் 2019இல் தன் இசைக் காணொளிக்காகவே போல் கற்று ஆடியதும், இந்தக் கலையை அதுவரை பார்த்திராத பலரிடம் கொண்டு சேர்த்தன.

மேடை நிகழ்ச்சிதான் குறி என்றால் மூன்றிலும் இதுவே வலிமையானது. போல் பற்றி எதுவுமே தெரியாத பார்வையாளரையும் இது தொட்டுவிடும். ஸ்போர்ட் ஆட்டத்தின் அருமை, அந்த அசைவு எவ்வளவு கடினம் என்று தெரிந்தவருக்கே முழுதாகப் புரியும். ஆனால் புதிதாக வருபவருக்கு இந்த வழியில் திசை தெரியாது. இரண்டு விதத் தேர்ச்சி இதற்குத் தேவை. ட்ரிக்குகள் யோசிக்காமலே வருமளவுக்குப் பழகியிருக்க வேண்டும், நடனமும் தெரிந்திருக்க வேண்டும். பரதமோ பாலேயோ வேறெதுவோ ஏற்கெனவே ஆடியவர்கள் இதில் வேகமாக முன்னேறுகிறார்கள். மற்றவர்களுக்கு, மெதுவான சோகப் பாட்டு, தரையில் ஒரு உருளல், வானத்தைப் பார்த்து ஒரு கை நீட்டல் என்று ஒரே அச்சில் ஆட்டம் விழுந்துவிடும் அபாயம் இருக்கிறது. இதற்கென்று தனி வகுப்பு நடத்தும் ஸ்டூடியோக்களும் குறைவு.

எக்ஸாடிக்

இனி எக்ஸாடிக். பலரும் தயங்குவது இதற்குத்தான். நான் மனதார ஆதரிப்பதும் இதைத்தான்.

உயரமான பிளாட்ஃபார்ம் ஹீல்ஸ், பெரும்பாலும் 7 அல்லது 8 அங்குலம். முட்டிக் கவசம். கம்பத்தின் அடிப்பகுதியும் அதைச் சுற்றிய தரையும்தான் முக்கியக் களம். உடம்பு அலை, கால் அலை, தோள் வழியாக உருளுதல், குதிகாலைத் தட்டித் தாளத்தை அடிக்கோடிடுதல் எல்லாம் இதில் வரும். கிளப் பாணியை அப்படியே காப்பாற்றும் ஓல்ட் ஸ்கூல், நிறுத்தாமல் வழுக்கிக்கொண்டே போகும் ஃப்ளோ, ஸ்போர்ட்டுக்கு இணையான கடின ட்ரிக்குகளை ஹீல்ஸோடு செய்யும் ஹார்ட் என்று உட்பிரிவுகள் உண்டு. ஃப்ளோ, ஹார்ட் இரண்டையும் வளர்த்தெடுத்ததில் ரஷ்ய நடனக்காரர்களின் பங்கு பெரிது. ஓல்கா கோடாவின் பெயர் அதில் முன்னால் நிற்கும்.

"வெறும் கவர்ச்சி, இதில் என்ன உழைப்பு இருக்கிறது?" என்று கேட்பவர்கள், அந்த ஹீல்ஸை மாட்டிக்கொண்டு தரையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து பார்க்கட்டும். காலின் கடைசி முனையில் கூடுதல் எடை தொங்குவதால் ஒவ்வொரு தூக்கலுக்கும் வயிற்றுத் தசை இரட்டிப்பாக வேலை செய்யும். கணுக்கால் விழிப்பாக இருந்தே ஆக வேண்டும். அதே எடையை வீசத் தெரிந்துவிட்டால், தரையில் கால்களைத் தூக்கி எறியும் கிப் அசைவுகளுக்கு அதுவே உந்துதலாகவும் மாறும். ஆனால் உடல் உழைப்பைக் காட்டி இந்த வழிக்கு மரியாதை கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்றே நினைக்கிறேன்.

இங்கே உண்மையில் கடினமானது, மெதுவாக ஆடுவது. ட்ரிக் செய்யும்போது மனசு முழுக்கப் பிடியில் இருக்கும், கூச்சப்பட நேரமே இருக்காது. கம்பத்தைச் சுற்றி ஒரு நடை, ஒரு திரும்பல், கண்ணாடியில் தன்னையே பார்த்தபடி ஒரு இடுப்பு வட்டம் என்று வரும்போது ஒளிய இடமில்லை. உடம்பைப் பற்றி இத்தனை வருடமாக மற்றவர்கள் சொன்னதெல்லாம் அந்த நொடியில் மேலே எழும். குண்டு, ஒல்லி, கறுப்பு, வயசாகிவிட்டது, பெண் பிள்ளை இப்படி நிற்கக் கூடாது, ஆம்பளை இப்படி ஆடக் கூடாது. வகுப்பு வகுப்பாக அந்தக் குரல்கள் சன்னமாகி, தோள் இறங்கி, மூச்சு நீளமாகி, ஒருவர் தனக்குப் பிடித்த வேகத்தில் நடக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்போர்ட்டும் உடம்பின்மேல் மரியாதையைத் தரும், ஆனால் "இதை என்னால் செய்ய முடியும்" என்ற வழியாக. எக்ஸாடிக்கில் எதையும் சாதிக்காமலே அந்த மரியாதை வருகிறது. சுய வெளிப்பாடு என்ற ஒன்றுக்காக மட்டும் போல் கற்க வருபவருக்கு இதைத்தான் சொல்வேன்.

குறைகளும் உண்டு. முட்டியும் கணுக்காலும் கவனம் கேட்கும். மேல் உடம்பின் பலம் ஸ்போர்ட்டில் வளரும் வேகத்தில் வளராது. வகுப்பில் எடுக்கும் வீடியோ யார் கையில் போய் எந்தச் சமூக ஊடகக் கணக்கில் ஏறுகிறது என்ற கவலையும் இங்கே அதிகம். அனுமதி கேட்காமல் யாரும் படமெடுக்கக் கூடாது என்ற விதி இல்லாத வகுப்பில் சேராதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ஸ்டூடியோ மாணவர்கள் பலர் "நான் ஸ்ட்ரிப்பர் இல்லை" என்ற அர்த்தத்தில் ஹேஷ்டேக் போட்டுப் படங்கள் பகிர்ந்தார்கள். அந்தத் தொழிலில் இருந்த பெண்கள் காயப்பட்டு, "ஆமாம், நான் ஸ்ட்ரிப்பர்தான்" என்று பதில் ஹேஷ்டேக் தொடங்கினார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். ஒருவருடைய அசைவையும் காலணியையும் எடுத்துக்கொண்டு, அவரோடு சேர்த்துப் பார்க்கப்படுவதை மட்டும் அவமானமாக நினைப்பது சரியில்லை.

நிற்கும் கம்பமா, சுழலும் கம்பமா?

எந்த வழியில் போனாலும் இந்தக் கேள்வி வரும். நிற்கும் கம்பத்தில் சுழற்சியை நீங்களே உண்டாக்க வேண்டும். ஓர் அடி எடுத்து வைத்து, உடம்பை வெளியே வீசிச் சுற்ற வேண்டும். கை கம்பத்தின் மேல் கொஞ்சம் வழுக்க வேண்டும் என்பதால், கிரிப் பவுடரை அள்ளிப் பூசினால் சுற்றவே வராது. சுழலும் கம்பம் தானே சுற்றும். உடம்பைக் கம்பத்தோடு ஒடுக்கினால் வேகம் கூடும், கைகால்களை விரித்தால் குறையும். பார்க்க மிக அழகு. ஆனால் தலைசுற்றலும் குமட்டலும் பழகும்வரை விடாது, வேகத்தில் உடம்பு வெளிப்பக்கம் இழுக்கப்படுவதால் தெரிந்த பிடியே புதிதாகக் கனக்கும். கலை வழிக்குச் சுழலும் கம்பம் பெரிய வரம். எக்ஸாடிக்கின் தரை ஆட்டத்துக்கு நிற்கும் கம்பம்தான் நம்பகமான துணை. ஸ்போர்ட்டில் இரண்டும் வேண்டும். எல்லோருமே நிற்கும் கம்பத்தில் தொடங்குவது நல்லது. வேகத்தை நாமே உண்டாக்கி நாமே அடக்கப் பழகியவருக்குச் சுழலும் கம்பம் சீக்கிரம் வசப்படும்.

வீட்டில் கம்பம் வைக்கும் யோசனை இருந்தால் இந்த ஒப்பீடு இன்னும் கூர்மையாகும். சாதாரணக் கூரை உயரத்தில் ஸ்போர்ட் பயிற்சி பாதிதான் செய்ய முடியும். ஹேண்ட்ஸ்பிரிங்கில் கால் கூரையில் இடிக்கும். எக்ஸாடிக்குக் கூரை ஒரு தடையே இல்லை, சுற்றிலும் கால் வீச இடம் இருந்தால் போதும். தரைக்கும் கூரைக்கும் நடுவே அழுத்தத்தில் நிற்கும் கம்பத்தை ஃபால்ஸ் சீலிங்கில் ஒருபோதும் மாட்டாதீர்கள். தாங்கும் கூரை இல்லையென்றால் தனி மேடையோடு வரும் கம்பம் இருக்கிறது. ஈரப்பதமான இடமா, கை அதிகம் வியர்க்குமா? பித்தளைக் கம்பம் குரோமைவிட நன்றாகப் பிடிக்கும். உடம்பை மூடிய உடையோடுதான் ஆட விருப்பம் என்றால் சிலிகான் பூச்சுக் கம்பம் இருக்கிறது. அதில் வழுக்கிச் சுற்ற முடியாது, ஆனால் ஏறவும் தொங்கவும் நன்றாக இருக்கும்.

சரி, முடிவெடுக்க வேண்டும். இலக்கும் அளவுகோலும் இருந்தால்தான் தொடர்ந்து போவேன் என்பவருக்கு ஸ்போர்ட். ஏற்கெனவே ஒரு நடனம் கைவசம் இருந்து, மேடை ஏற வேண்டும் என்ற துடிப்பும் இருந்தால் ஆர்ட். உடம்போடு நீண்ட நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவருக்கு எக்ஸாடிக், அதுவும் கம்பத்தின் அடியிலேயே நடக்கும் மெதுவான ஃப்ளோ. முதல் சில மாதங்கள் மூன்று வழிக்கும் அடிப்படை ஒன்றுதான். ஃபயர்மேன் சுழற்சி, சேர் சுழற்சி, ஏறுதல், கம்பத்தில் உட்காருதல், இவை இரண்டு பக்கமும் வர வேண்டும். உட்காரும்போது தொடையில் விழும் கன்னிப்போன தடங்கள் எல்லோருக்கும் வரும், போகப் போகக் குறையும். அதனால் தொடக்க வகுப்பில் சேர்ந்துகொண்டே மூன்று வழிகளின் வகுப்புகளையும் ஒருமுறை போய்ப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஸ்டூடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களை விசாரியுங்கள். இன்வர்ட்டுக்குள் எப்போது அனுப்புவார்கள், கீழே விரிக்கத் தடித்த மெத்தை இருக்கிறதா, ஹீல்ஸ் வகுப்பில் தரை ஆட்டத்துக்கு முன்னால் முட்டிக்கும் கணுக்காலுக்கும் தனியாக வார்ம்அப் உண்டா. முதல் நாள் ஷார்ட்ஸ் அணிந்து போங்கள், உடம்பில் லோஷன் எதுவும் வேண்டாம், மோதிரத்தையும் வளையலையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.