கல்தொட்டித் தண்ணீரை இழையாக எடுக்க: ஃபில்டரா, மூட்டமா, போனா?

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டினால் ஒரு சின்னத் தோட்டம். அங்கே கிடந்த பழைய கல்தொட்டியில் குட்டி மோட்டார் ஒன்றை இறக்கி, மூன்றடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும்படி வைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீரைப் பட்டு நூலாட்டம் படத்தில் கொண்டுவர ஃபில்டர், மூட்டம், போன், படங்களை அடுக்குவது என்று நாலு வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன்.

முதலில் ஒரு கணக்கு. மூன்றடி விழுந்த தண்ணீர் தொட்டியைத் தொடும்போது நொடிக்கு நாலு மீட்டருக்கு மேல் வேகத்தில் இருக்கும். கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டர் 1/8 நொடி திறந்திருந்தாலே அரை மீட்டர் ஓடிவிடுகிறது; அந்த ஓட்டம்தான் படத்தில் இழையாகிறது. ஆகவே 1/8 முதல் 1/2 நொடி போதும். பலரும் பத்து நொடி, இருபது நொடி என்று போவது கடற்கரைக்குச் சரி. தோட்டத்தில் அவ்வளவு நேரம் வாழை இலை சும்மா இருக்காது.

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) 16 வைத்தால் ஷட்டர் 1/100 நொடியில் நிற்கும். எஃப் 22 வரை இறுக்கினாலும் 1/50தான்; அதற்குள் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் படத்தின் கூர்மையும் மழுங்கிவிடும். இங்கேதான் லென்ஸ் முன்னால் மாட்டி ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் வருகிறது; என்டி 64 என்றால் ஒளி 64இல் ஒரு பங்காகும். எஃப் 11இல் என்டி 64 போட்டால் ஏறக்குறைய 1/3 நொடி. தோட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. என்டி 1000 போட்டால் அதே வெளிச்சத்தில் 5 நொடி. நான் ஆசைப்பட்டு முதலில் வாங்கியது அதைத்தான். படத்தைப் பார்த்த அப்பத்தா, "தண்ணி எங்கப்பா? தோசை மாவு கரைச்சு ஊத்துன மாதிரில்ல இருக்கு" என்றார்கள். சரியான விமர்சனம். விழும் தண்ணீருக்கு ஒரு உடம்பு வேண்டும். நரம்பு நரம்பாகத் தெரிய வேண்டும். இப்போது அந்த ஃபில்டர் ஊருணிக்கு மட்டும். காற்றில் சலசலக்கும் நீர்ப்பரப்பு அதில் கண்ணாடியாகப் படிந்துவிடுகிறது. இவ்வளவு கறுத்த ஃபில்டர் என்றால் ஃபோகஸை முடித்துப் பூட்டிவிட்டுத் திருகுவதே பாதுகாப்பு. திருகித் திருகி அடர்த்தியைக் கூட்டும் வேரியபிள் என்டி? அகலக் கோண லென்ஸில் எல்லைவரை திருகினால் வானத்தில் கறுப்பாய் ஒரு பெருக்கல் குறி விழும். எனக்கு வேண்டாம்.

என் ஓட்டு மூட்டத்துக்கு. ஐப்பசியில் வானம் நன்றாகக் கறுத்து நிற்கும்போது வெளிச்சம் வெயிலில் எட்டில் ஒரு பங்காகிவிடும். எஃப் 16இல் 1/12 நொடி தானாகவே கிடைக்கிறது. மேலே பளபளப்பை வெட்டும் ஃபில்டரான போலரைசர் ஒன்றை மாட்டினால் அது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) தின்று 1/4 நொடிக்குக் கொண்டுவந்து விடும். என்டி தேவையே இல்லை. அதோடு ஈர இலை, நனைந்த கல், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை இவற்றின் மேல் அடிக்கும் வெள்ளைப் பளபளப்பையும் போலரைசர் துடைத்துவிடும். பச்சை பச்சையாகவே தெரியும். பித்தளை அண்டாவின் மினுக்கல் மட்டும் போகாது, உலோகத்திடம் அதன் ஜம்பம் பலிக்காது. மழை பிடித்துக்கொண்டால் கேமராவோடு உள்ளே ஓடிவந்து, ஓட்டுச் சரிவிலிருந்து வளவு முற்றத்தில் கொட்டும் தாரையை எடுக்கலாம். அது தொட்டியைவிட அழகு.

ஐபோன்காரர்களுக்கு லைவ் போட்டோவிலேயே 'லாங் எக்ஸ்போஷர்' இருக்கிறது. மூன்று நொடிக் காட்சியைக் குழைத்துத் தரும், ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்புக்குப் போதும். சட்டம் போட்டு முகப்பில் மாட்ட ஆகாது.

காற்று ஓயாத நாளில் மூட்டத்தையும் தோற்கடிப்பது அடுக்கும் முறை. முக்காலியில் கேமராவை வைத்து 1/50 நொடியில் இருபது முப்பது படங்களைத் தொடர்ந்து எடுத்து, கணினியில் சராசரியாக்கினால் தண்ணீர் இழைந்துவிடும். பத்துக்குள் நிறுத்தினால் துண்டு துண்டாய்த் தெரியும். இதில் லாபம், இலைகளை ஏதோ ஒரு கூர்மையான படத்திலிருந்தும் தண்ணீரை அடுக்கிலிருந்தும் எடுத்து ஒட்டலாம். 16 படங்களைச் சேர்த்தாலே புள்ளிப் புள்ளியான இரைச்சல் கால்வாசியாகிவிடும். ஆனால் சாயங்காலம் முழுக்கத் திரை முன்னால் உட்கார வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது.

வாங்குவதானால் முக்காலிக்கு அடுத்து போலரைசர், அப்புறம் என்டி 64. இருக்கும் லென்ஸ்களில் பெரிய வாய்க்கு ஏற்ற அளவில் வாங்கி, சின்ன லென்ஸுக்கு, பெரிய ஃபில்டரைச் சின்ன வாயில் பொருத்தும் வளையமான ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளுங்கள்.